எழுபத்தொன்றாம் கூறு

நெடுவனேந்தல் கண்மாய்க்குள் செங்கல் வந்து நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி பஸ் போன பிறகு. லாரி வரவில்லை, டிராக்டர் வரவில்லை, வண்டித் தடம்கூட இல்லை. வெடித்துக் கிடந்த வண்டல்மேல், உபரித் தண்ணீர் வழிகிற கலுங்கில் தொடங்கி மடை வரைக்கும், நன்றாக வெந்த சிவப்புக் கல் ஆள் உயரத்துக்கு அடுக்கி நின்றது. ஆடு ஓட்டிப் போனவர்கள் பார்த்தார்கள், விறகு பொறுக்கப் போனவர்கள் பார்த்தார்கள், பார்த்துவிட்டு ஊருக்குள் வந்து, "கண்மாய்க்குள்ள கல்லு வந்து கெடக்கு" என்று, பக்கத்து ஊரிலிருந்து விருந்தாள் வந்திருப்பதைச் சொல்வதுபோலச் சொன்னார்கள். மூக்கில் விரலை வைக்க யாருக்கு நேரம் இருந்தது? போன கார்த்திகை அடைமழையில் கண்மாய் உடைந்து தண்ணீரெல்லாம் ஓடிவிட, ஊர் முழுக்க மண்சுவர் கரைந்துபோய், எழுபது குடும்பமும் பள்ளிக்கூடத்திலும் தார்ப்பாய்க்குக் கீழேயும் கிடந்தன. மாசி பிறந்துவிட்டது, ஐப்பசிக்குள் சுவர் எழும்பாவிட்டால் பிள்ளைகுட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் கல் வந்தது. வந்ததைப் பங்கு வைக்க வேண்டியதுதானே? பங்கு என்றால் அழகுமீனாளைக் கூப்பிட வேண்டியதுதான்.

அந்த ஊர் வழக்கம் அப்படி. கண்மாய் வற்றிக் கடைசி மீனையும் அரித்துப் பிடிக்கிற அன்று, பிடித்த மீனை எல்லாம் கரையில் கொட்டி, தலைக்கட்டுக்கு ஒன்று என்று தேக்கிலை போட்டு, ஒரே ஆள் கைதான் கூறு வைக்கும். தலைக்கட்டு என்றால் தனி அடுப்பு எரிகிற ஒரு குடும்பம். தராசு கிடையாது, கண் அளவுதான்; ஒருவர் கூறில் விரால் இருந்தால் அடுத்தவர் கூறில் அதற்கு ஈடாகக் கெளுத்தி இருக்கும். ஊர்த்தலைவரான அம்பலம் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட, ஒவ்வொருவராக வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். கூறு வைத்தவர் பெயர் கடைசியில். வைத்ததில் கூடக்குறைய வந்தால் அது வைத்தவர் தலையில்தான் விடியும் என்பதால், கூறு வைக்கிற கையை ஊர் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது. அந்தக் கையை மாமியாரிடமிருந்து வாங்கி அழகுமீனாளுக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, அவளுக்கு வயசும் ஐம்பத்தெட்டு ஆகிறது. "மீனா கை தப்பாது" என்று ஊரில் சின்னப்பிள்ளைகூடச் சொல்லும். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வாள். வெயிலுக்குத் துடைக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆயிரத்துக்கு ஓர் அடுக்கு என்று மாற்றி அடுக்கி, நாலு நாள் எண்ணினார்கள், சந்தேகம் வந்து திரும்ப எண்ணினார்கள், ஆம்பளைகள் எண்ணியது சரிதானா என்று பொம்பளைகள் ஒருதரம் எண்ணினார்கள். ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபத்தொன்று. அதை எழுபது கூறாக அழகுமீனாள் வைத்தபோது ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றாறு கல் வந்தது. ரெண்டு அறையும் ஓர் அடுப்படியும் கட்டிக்கொள்ளத் தாராளம். ஒரே ஒரு கல் மட்டும் மிஞ்சியது. ஒரு கல்தானே, அய்யனார் கோயில் வாசலில் படியாகக் கிடக்கட்டும் என்று வைத்துவிட்டு, அவரவர் கல்லை அவரவர் இடத்துக்குச் சுமந்தார்கள். கொத்தனார் காத்தான் பொறுக்கமாட்டாமல் அன்றைக்கே இடுப்பு உயரத்துக்குச் சுவர் எழுப்பிவிட்டான். விடிந்து பார்த்தால் கல் எல்லாம் கண்மாய்க்குள் பழையபடி நிற்கிறது, காத்தான் வீட்டில் சாந்து மட்டும் தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக நிற்கிறது.

"சாந்தையாவது விட்டுட்டுப் போச்சே" என்றான் காத்தான்.

அட, மனுஷர் சும்மா விடுவார்களா? மிஞ்சின ஒரு கல்லைக் கிணற்றில் போட்டுப் பார்த்தார்கள். விடியும்போது அது ஈரத்தோடு அடுக்கின் உச்சியில் இருந்தது. அதைச் சம்மட்டியால் எழுபது சில்லாக உடைத்து ஆளுக்கு ஒரு சில்லு கொடுத்துப் பார்த்தார்கள். விடியும்போது சில்லு எல்லாம் கூடி முழுக்கல்லாகிவிட்டது. சந்தையிலிருந்து அறுபத்தொன்பது கல் வாங்கி வந்து அந்த ஒன்றோடு சேர்த்துப் போட்டார்கள். வாங்கின கல்தான் காணாமல் போனது. எடுத்தாலும் குறையவில்லை, போட்டாலும் கூடவில்லை. பத்து நாளில் ஊருக்கு இது பழகிப்போய், காலையில் எழுந்ததும் பல் விளக்கிக்கொண்டே கரைமேல் ஏறி, "திரும்பிருச்சா?" என்று கேட்பதும், "திரும்பிருச்சு" என்று பதில் வருவதும், பால் வந்துவிட்டதா என்று கேட்பதுபோல ஆகிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் இப்படிக் குடித்தனம் நடத்தினால் பாடம் எப்போது நடத்துவது என்று சண்டை போட வந்தவர்தான் தனிஸ்லாஸ் வாத்தியார், கணக்குப் பாடம் எடுப்பவர். சண்டை போட வந்தவர் எண்ணைக் கேட்டதும் சண்டையை மறந்துவிட்டார். சட்டி பானையை ஒதுக்கி, கொடியில் காய்ந்த சேலையை விலக்கி, கரும்பலகை முழுக்கக் கணக்குப் போட்டார். அவர் திரும்பியபோது மூக்கெல்லாம் சுண்ணாம்புத் தூள்.

"இதுல ஒண்ணு கொறஞ்சிருந்தா இதை மாதிரித் தங்கமான எண்ணு கெடையாது" என்றார். "ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூத்தி இருபது. ரெண்டு பேரு வந்தாலும் பிரிச்சுக்கலாம், மூணு பேரு வந்தாலும் பிரிச்சுக்கலாம், பதினாறு பேரு வரைக்கும் எத்தனை பேரு வந்து நின்னாலும் மிச்சமில்லாம, மனஸ்தாபமில்லாமப் பிரிச்சுக்கலாம். எழுபது பேருக்கும் கச்சிதமா வரும். ஒரே ஒரு கல்லு கூடிப்போச்சு பாருங்க, அதுல எல்லாம் தலைகீழாப் போச்சு. இப்ப ரெண்டா வச்சாலும் ஒண்ணு மிஞ்சும், மூணா வச்சாலும் ஒண்ணு மிஞ்சும், பதினாறு வரைக்கும் எப்படி வச்சாலும் அந்த ஒண்ணு மிஞ்சிக்கிட்டேதான் நிக்கும்."

"அப்ப இது யாருக்குமே பிரியாதா சார்?" என்று வைரவ அம்பலம் கேட்டார். அவர்தான் ஊர்த்தலைவர், எண்பது வயசு, குரல் மட்டும் இன்னும் வெண்கலம்.

"பிரியும். ஒருத்தரே மொத்தத்தையும் எடுத்துக்கலாம்."

"அப்படின்னா நானே எடுத்துக்கிறேன், கைய நனைச்சுட்டுப் போங்க எல்லாரும்" என்றார் அம்பலம், ஊர் சிரித்தது.

வாத்தியாரும் சிரித்துவிட்டுச் சொன்னார். "அதை விட்டா இன்னும் ஒரே வழி. எழுபத்தொண்ணு. எழுபத்தொரு கூறு வச்சா ஆளுக்குப் பத்தாயிரத்து நூத்தி ஐம்பத்தொண்ணு, ஒரு கல்லு மிஞ்சாது. எழுபதுக்கு ஒண்ணு மிஞ்சும், எழுபத்திரெண்டுக்கும் ஒண்ணு மிஞ்சும், நடுவுல எழுபத்தொண்ணுக்கு மட்டும் அச்சாப் பொருந்துது. ஆச்சரியமான எண்ணுங்க இது!"

அவர் பாட்டுக்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். ஓரத்தில் நின்றிருந்த அழகுமீனாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எழுபத்தொன்றுதானே, அது என்ன பெரிய காரியம் என்று ஊர் கிளம்பியது. காத்தான் தம்பிக்குத் தை மாசம்தான் கல்யாணமாகியிருந்தது; அவனையும் அவன் பெண்டாட்டியையும் தனி அடுப்பு வைக்கச் சொல்லி, மூணு கல் கூட்டி உலையேற்றி, புதுத் தலைக்கட்டு என்று பெயர் சேர்த்தார்கள். அழகுமீனாள் எழுபத்தொரு கூறு வைத்தாள். வாத்தியார் சொன்னபடி ஒரு கல் கூடவில்லை, ஒரு கல் குறையவில்லை. குலவை போட்டார்கள், கிடாய் வெட்டிச் சோறு போட்டார்கள். விடிந்தால் கல் பூராவும் கண்மாய்க்குள். புதுப்பெண்ணின் அடுப்பு மூணு கல்லும் சேர்ந்தே போயிருந்தது. சரி, அய்யனாரையே ஒரு தலைக்கட்டாக வைத்துக்கொள்வோம் என்று சாமிக்கு ஒரு கூறு வைத்தார்கள். அந்தக் கூறுதான் முதலில் திரும்பியது என்று பூசாரி சத்தியம் செய்தார்.

வாத்தியார் தலையைச் சொறிந்தார். "கணக்கு சரியாத்தானே இருக்கு... ஏங்க, முன்னாடி இந்த ஊர்ல எத்தனை தலைக்கட்டு?"

வாத்தியார் வெளியூர்க்காரர், அவருக்கு என்ன தெரியும்? ஊரில் மற்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நெடுவனேந்தலில் எழுபத்தொரு தலைக்கட்டு. அழகுமீனாள் முதல்முதலாகக் கூறு வைத்த வருஷம் அது. மாமியார் படுத்த படுக்கையாகிவிட, ஓரகத்திகள் ரெண்டு பேரும் எனக்கு உனக்கு என்று போட்டி போட்ட அந்த வேலை, புருஷனைப் பறிகொடுத்து ஒரு வருஷம்கூட ஆகாத இவளுக்கு வந்தது. ஒரு சொல் பிசகினால் பிடுங்கிக்கொள்ள ஆள் காத்திருந்தது. பதற்றத்தில் தேக்கிலையை எழுபதுதான் போட்டிருந்தாள். அம்பலம் வரிசையாகக் கூப்பிட்டு முடிக்கிறார், கரையில் ஒரே ஒரு கூறு மிச்சம், நிற்பதோ ரெண்டு பேர்: எழுபதாவது பெயரான சேவுகன் வீட்டிலிருந்து அவன் பெண்டாட்டி இருளாயி, எழுபத்தொன்றாவதாக இவள். வழக்கப்படி பார்த்தால் அந்தக் கூறு இருளாயிக்கு, வைத்தவள் வெறுங்கையோடு போக வேண்டும், அவ்வளவுதான் கதை. ஊர் முழுக்கத் தன் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதே என்ற பயத்தில் இவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்துவிட்டது.

"மதினி, நீங்க அப்பவே வாங்கிட்டுப் போயிட்டீகளே. ரெண்டாம் கூறு கேட்டா எப்படி?"

மதினி என்று கூப்பிட்டுக்கொண்டேதான் சொன்னாள். கூறு வைக்கிற கை தப்பாது, கை தப்பாவிட்டால் இருளாயி பொய் சொல்கிறாள், பொய் சொன்னால் திருடி. ஊர் அப்படிக் கணக்குப் போட்டது. சபையில் விழுந்து கும்பிட்டுவிட்டால் போதும் என்றார்கள். சேவுகன், "தின்னாத மீனுக்கு நான் எதுக்குய்யா விழணும்?" என்று கேட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டான். அவன் பெயரை எடுத்துவிட்டார்கள், தண்ணீர் கொடுக்காதே, நெருப்புக் கொடுக்காதே என்று சொல்லிவிட்டார்கள். பதினைந்தாம் நாள் சட்டிபானையோடு அந்தக் குடும்பம் பஸ் ஏறியது. அழகுமீனாள் அன்றைக்குச் சாயங்காலமே கரைக்குப் போய்க் கிடந்த தேக்கிலையை எண்ணிப் பார்த்திருந்தாள். எழுபது இலை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்ததில் அவர்கள் போய்விட்டார்கள், போனபிறகு யாரிடம் சொல்வது என்று இருபத்திரண்டு வருஷம் போய்விட்டது.

இப்போது வாத்தியார் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. அழகுமீனாள் எழுந்தாள்.

"எழுபத்தொண்ணு சார். எழுபதா ஆக்கினது நான்" என்றாள். "அவுக கூறை அவுக வாங்கல. நான்தான் ஒரு எலை கம்மியாப் போட்டேன். போட்டுட்டு அவுகளைத் திருடின்னு சொன்னேன். அந்தக் கூறைத் தூக்கிட்டுப் போயிக் கொழம்பு வச்சுத் தின்னேன்."

அடிக்க வருவார்கள் என்று நினைத்தாள், மண்ணை வாரித் தூற்றுவார்கள் என்று நினைத்தாள். காத்தான்தான் முதலில் பேசினான்: "நான் அன்னைக்கே எண்ணுனேன் அத்தை. எழுபது எலைதான் கெடந்துச்சு." பூசாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கும் தெரியும்" என்றார். மூலையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, இருளாயி வெறும் சட்டியோடு வந்து வெறும் சட்டியோடு போனதை அன்று முழுக்கப் பார்த்ததாகச் சொன்னாள். ஒவ்வொருவராகச் சொல்லிச் சொல்லிக் கடைசியில் வைரவ அம்பலத்தின்மேல் எல்லார் கண்ணும் போனது. அவர் வெண்கலக் குரல் கிழிந்துபோய், "கூப்பிட்டவன் நானு, எனக்குத் தெரியாதா? ஒரு பொம்பளை வேலை போயிருமேன்னு பாத்தேன். ஒரு குடும்பம் போயிருச்சு" என்றார். தெரியாதவர் என்று அந்த ஊரில் அன்று ஒருவரும் இல்லை. இப்படி ஆளுக்குக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொண்டுதான் அத்தனை வருஷமும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துப் பேசிச் சிரித்துச் சம்பந்தம் செய்து வாழ்ந்திருக்கிறார்கள்.

மானாமதுரைக்குக் கிழக்கே ஒரு சூளையில் அவர்கள் கல் அறுக்கிறார்கள் என்பதுகூட எல்லோருக்கும் தெரிந்தேதான் இருந்தது. அழகுமீனாள் தனியாகப் போனாள். ரெண்டு பஸ் மாறி, புழுதியில் நடந்து, வெந்த கல்லும் வேகாத கல்லும் மலை மலையாகக் குவிந்த இடத்தில், ஓலைக் குடிசை வாசலில் பச்சைக் கல்லைக் காயத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த இருளாயியைப் பார்த்தாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. ஊர் முழுக்கக் கட்டுமளவுக்குக் கல் அறுத்த கை, தலைக்குமேல் ஓலை.

"யாரு, மீனாவா?" என்றாள் இருளாயி. "நெழல்ல வந்து உக்காரு."

"அண்ணன் எங்க மதினி?"

"போயிட்டாரு. எட்டு வருஷமாச்சு. நெஞ்சுவலின்னு ஒக்காந்தாரு, அதோட சரி."

அழகுமீனாள் காலில் விழுந்தாள். இருளாயி தூக்கவும் இல்லை, விலகவும் இல்லை. கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு, இவள் அழுது, கல் வந்த கதையையும் அது திரும்புகிற கதையையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள். கல் தானாகத் திரும்புவதைக் கேட்டு அவளும் ஆச்சரியப்படவில்லை.

"அன்னைக்கு அந்தக் கூறுல என்ன மீனு இருந்துச்சு?" என்று கேட்டாள்.

அழகுமீனாளுக்கு மறக்குமா? "ரெண்டு விரால் மதினி. நாலு கெளுத்தி. ஒரு கை அயிரை."

"எல்லாத்தையும் ஆக்கினியா?"

"ஆக்கினேன்."

"ருசியா இருந்துச்சா?"

பொய் சொல்லலாம்தான். தொண்டையில் இறங்கவில்லை, மண்ணாக இருந்தது என்று சொன்னால் இருளாயிக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். இருபத்திரண்டு வருஷத்துப் பொய்க்குமேல் இன்னொன்றைச் சுமக்க இவளுக்குத் தெம்பில்லை.

"இருந்துச்சு மதினி" என்றாள்.

இருளாயி அடுத்த பச்சைக் கல்லைத் திருப்பிப் போட்டாள். பிறகு சொன்னாள்: "வர்றேன். கல்லுக்காக இல்ல. கல்லைப் பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு பூத்துப் போச்சு. அத்தனை பேரு முன்னாடி அவரு பேரை ஒருதரம் கூப்பிடணும். அதை அம்பலம் கூப்பிடக் கூடாது, நீ கூப்பிடணும்."

வெள்ளிக்கிழமை எழுபத்தொரு கூறு வைத்தாள் அழகுமீனாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ஊர் முழுக்கக் கரையில் நின்றது. அம்பலம் தலைகுனிந்து நிற்க, இவளே பெயர் கூப்பிட்டாள், அறுபத்தொன்பது பெயரையும் கூப்பிட்டு முடித்து, கண்மாய் முழுக்கக் கேட்கும்படி, "சேவுகன் தலைக்கட்டு! கூறு எடுக்காத தலைக்கட்டு! பொய் சொன்னவ கூப்பிடுறேன், வந்து வாங்கிக்கங்க!" என்றாள்.

"வந்திருக்கோம்" என்றாள் இருளாயி. அவள் ஒருத்திதான் வந்திருந்தாள். தன் கூறின் பக்கம் போய் ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்தாள், வெந்த பதம் பார்க்கிற மாதிரி விரலால் தட்டிப் பார்த்தாள், திரும்பிக் கரையேறினாள். ரெண்டு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். வீடு கட்டித் தருகிறோம், இங்கேயே இருந்துவிடு என்று பொம்பளைகள் கையைப் பிடித்தார்கள். காத்தான் கூலி வேண்டாம் என்றான். பூசாரி வழியை மறித்து நின்றார். அவள் ஒருவரையும் திட்டவில்லை. ஒவ்வொருவர் கையிலிருந்தும் தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் அழகுமீனாள் கூடவே போனாள். "மதினி, இன்னும் கோவமா?"

"கோவமெல்லாம் எப்பவோ போயிருச்சு மீனா. இத்தனை வருஷம் அதை வச்சுக்கிட்டுக் கல்லு அறுக்க முடியுமா?" பஸ் தூரத்தில் தெரிந்தது. "அவரு மீனுன்னா உசுரை விட்டுருவாரு, ஒனக்கே தெரியும். அன்னைக்கப்புறம் சாகுற வரைக்கும் தொடல. திருட்டு மீனு தின்னவன்னு எவனும் சொல்லிறக் கூடாதுன்னு, பொறந்தநாளு பண்டிகைன்னு ஒரு நாளும் தொடல. நானும் ஆக்குறதை விட்டுட்டேன். கல்லைத் திருப்பிப் பங்கு வைக்கலாம், பேரைத் திருப்பிக் கூப்பிடலாம். அதை என்ன செய்வே?"

கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் ஏறிவிட்டாள்.

மறுநாள் காலையில் கல் திரும்பவில்லை. அதற்கு மறுநாளும் திரும்பவில்லை. ஆவணிக்குள் எழுபது வீடு எழும்பியது. எழுபத்தொன்றாம் கூறிலும் காத்தான் ஒரு வீடு கட்டி, சேவுகன் வீடு இருந்த பழைய இடத்திலேயே, பூட்டில்லாமல் விட்டுவைத்தான், யாரும் வரவில்லை. ஐப்பசியில் அடைமழை பிடித்தது. பத்து நாள் விடாமல் ஊற்றியும் நெடுவனேந்தலில் ஒரு சுவர் கரையவில்லை, ஒரு பிள்ளை நனையவில்லை. எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிந்தது. அழகுமீனாள் ஒரு சொட்டு ஒழுகாத தன் வீட்டுக்குள் உட்கார்ந்து, மழை விடுகிற வரைக்கும் அழுதாள்.